ஊகமும் மார்க்கும்

2021-ம் வருஷம் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தமிழக சர்க்கார் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுப் பரீக்ஷையை ரத்து செய்து, மார்க்குகளைக் கணக்கிட்டு வழங்கினர். ரத்து செய்ததை நாம் ஆக்ஷேபிக்கவில்லை, உயிரே பெரிது. கணக்கிட்ட முறைதான் நியாயமன்று. பத்தாம் வகுப்பில் அதிக மார்க்கு பெற்ற மூன்று பாடங்களின் சராசரிக்கு நூற்றுக்கு 50 பங்கு. அந்தந்தப் பாடத்திலேயே எழுதிய பதினோராம் வகுப்புப் பரீக்ஷைக்கு 20. பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடுகளுக்கு 30.

தமிழில் வாங்கிய மார்க்கு பௌதிகத்துக்கு எங்ஙனம் சாட்சியாகும்? பத்தாம் வகுப்பில் பின்தங்கி, அதன்பின் கண்விழித்துப் படித்த மாணாக்கனின் உழைப்பு என்னாயிற்று? அதிருப்தியுற்றோர் பின்னர்ப் பரீக்ஷை எழுதலாமென்று அனுமதித்தது ஓரளவு பரிகாரமே. எனினும், மறுபடியும் இத்தகைய இடர் நேரின், அந்தந்தப் பாடத்தின் பரீக்ஷைக்கும் வகுப்பு வேலைக்குமே முதலிடம் தரவேண்டும். பழைய மார்க்கு மாணாக்கனுக்கு விலங்காகலாகாது.