கித்தாருக்குப் பையா, பெட்டியா?

நமது பல்கலைக்கழக விடுதிகளில் கித்தார் இல்லாத மாடியே இல்லை எனலாம். மாலை மங்கினால் ஏதாவது ஓர் அறையிலிருந்து தந்தியொலி கேட்கத் தொடங்கிவிடும். கலை இரவு நெருங்கிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். ஆனால், அந்தக் கித்தார்களில் எத்தனை முறையான உறைக்குள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் வேதனையே மிஞ்சும். சில அலமாரியின் மேல் வெறுமனே கிடக்கின்றன. சில கட்டிலுக்கு அடியில் காலணிகளோடு உறங்குகின்றன. மற்றவை, கடைக்காரர் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த மெல்லிய கறுப்புப் பைக்குள் இருக்கின்றன. அந்தப் பை தூசியைத் தடுக்கும். அதற்குமேல் எதையும் தடுக்காது.

கித்தார் வாங்க மாதக்கணக்கில் பணம் சேர்க்கும் நாம், அதற்கான உறையைத் தேர்ந்தெடுக்க ஐந்து நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. உறை என்பது தனிச்செலவன்று. அது கித்தாரின் ஒரு பகுதி என்பதே என் கருத்து. எந்த உறை என்பதை விலையும் அழகும் முடிவு செய்யக்கூடாது. அந்தக் கித்தார் எந்த வழியில், எதில் ஏறிப் பயணம் செய்கிறது என்பதே முடிவு செய்ய வேண்டும்.

"இசைக்கருவிக்குப் பை பார்த்து வாங்குவதெல்லாம் மேல்நாட்டுக்காரன் பழக்கம்" என்று சொல்வோர் உண்டு. அவர்களுக்கு நம் பத்துப்பாட்டிலேயே பதில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் நாம் கலப்பை என்ற சொல்லை உழவனின் கருவியாகப் படித்தோம். மலைபடுகடாத்திலோ அதே சொல் வேறொரு பொருளில் வருகிறது. கலம் என்றால் இங்கே இசைக்கருவி. கலம் வைக்கும் பை கலப்பை. பரிசில் தேடி மலைவழி நடக்கும் கூத்தர்கள் தங்கள் கருவிகளை அந்தப் பைகளில் கட்டித் தோளில் சுமந்து செல்கிறார்கள். பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவதைப் போல அந்தப் பைகள் தோன்றுவதாகப் புலவர் காட்டுகிறார். ஊர் ஊராக நடந்து பிழைத்த கலைஞனுக்குக் கருவி உடைந்தால் அடுத்த வேளைச் சோறு இல்லை. அதனால்தான் பைக்கென்றே ஒரு சொல் வைத்திருந்தான். நாம் மட்டும் ஏன் அலட்சியமாக இருக்க வேண்டும்?

பார்ப்பதற்குக் கித்தார் உறுதியான மரச்சாமானைப் போல இருக்கும். உண்மை அதுவன்று. அதன் மேற்பலகை ஏறக்குறைய 3 மி.மீ. தடிப்புதான். அந்த மெல்லிய பலகையை ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வளர்ந்த ஓர் ஆளின் எடை அது! நாம் வாசிக்காமல் தூங்கும்போதும் அந்த இழுவை ஓய்வதில்லை. கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் மரம் ஒடுங்கியிருக்கும். தலைப்பகுதி சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்துமிருக்கும். கித்தார் மல்லாக்க விழுந்தால் முதலில் தரையைத் தொடுவது பெரும்பாலும் அந்தத் தலைதான். தந்திகளின் இழுவையும் சேர்ந்துகொள்ள, முறிவு அங்கேதான் நிகழ்கிறது. ஆகவே, உடலை மட்டும் மூடி, தலையையும் கழுத்தையும் மறந்துவிடும் உறை பாதி உறையே.

முதலாமாண்டில் என் அறைத்தோழன் ஒருவன் இதைக் கண்முன்னே அனுபவித்தான். எஸ்.டி.பி.எம். தேர்வு முடிந்த கையோடு உணவகம் ஒன்றில் நான்கு மாதம் தட்டுக் கழுவிச் சேர்த்த பணத்தில் வாங்கிய கித்தார் அவனுடையது. தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விரைவுப் பேருந்தின் அடிப்பகுதியில், பயணப் பெட்டிகளோடு அதையும் வைத்தார்கள். மெல்லிய துணிப்பைதான். ஊர் வந்து இறங்கிப் பையைத் தூக்கியபோது தலைப்பகுதி மட்டும் தனியாக ஆடியது. தந்திகள்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டில் அம்மாவிடம் காட்டாமல் பையோடு மூலையில் சாத்தி வைத்ததாகப் பிறகு சொன்னான். அதன்பின் அவன் வேறு கித்தார் வாங்கவில்லை. இப்போது மூன்றாமாண்டு, கலை இரவில் அவன் ஒலிவாங்கிகளுக்கு வடம் இழுக்கிறான். உறைக்கென்று மிச்சப்படுத்திய சில பத்து ரிங்கிட் ஓர் இசைஞனையே நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது என்றால் மிகையாகாது.

சரி, எதை வாங்குவது? முதலில் பையைப் பார்ப்போம். விளம்பரத்தில் 'பஞ்சு வைத்த பை' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 5 மி.மீ. பஞ்சு கீறலைத் தடுக்கும், அவ்வளவே. பேருந்திலும் மோட்டாரிலும் போகிறவருக்கு 15 முதல் 20 மி.மீ. வரை தேவை. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் உடனே மறுபக்கத்தை உணர்ந்தால் அந்தப் பஞ்சு ஒரு வருடத்தில் அப்பளமாகிவிடும். பையின் அடியில், கித்தார் வார் மாட்டும் குமிழ் வந்து அமரும் இடத்தில் ரப்பரோ தடித்த துணியோ வைத்துத் தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குமிழே நாளடைவில் பையை ஓட்டையாக்கிவிடும். ஜிப்பின் பற்கள் மரத்தை உரசாமல் உள்ளே ஒரு மடிப்பு இருக்கிறதா, கழுத்தைத் தாங்க ஒரு சிறு மெத்தை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தோள்வார் இரண்டு இருப்பது நலம். தைத்த இடத்தை இழுத்துப் பாருங்கள். கித்தாரைச் சுமப்பது அந்தத் தையல்தான். மோட்டாரில் போகும் நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண எஃகுத்தந்திக் கித்தாரின் நீளம் ஏறக்குறைய 104 செ.மீ. முதுகில் மாட்டினால் தலைக்கவசத்துக்கும் மேலே அது நீண்டு நிற்கும். நாம் குனிந்து கடந்துவிடும் மரக்கிளையையும் வாயில் தடுப்புக் கட்டையையும் அது கடக்காது. வாரை நன்றாகக் கூட்டிக் குறைக்க முடிகிற பைதான் மோட்டாருக்கு ஏற்றது.

அளவும் முக்கியம். நைலான் தந்தி போட்ட செவ்விசைக் கித்தார் உடல் சிறியது. 'டிரெட்நாட்' எனப்படும் அகன்ற உடல் கொண்ட கித்தார், 1916-இல் மார்ட்டின் நிறுவனம் ஒரு போர்க்கப்பலின் பெயரைச் சூட்டி உருவாக்கிய வடிவம். அதன் உடல் 40 செ.மீ. அளவுக்கு அகலமானது. இதற்குத் தைத்த பையில் அதைப் போட்டால் உள்ளே குலுங்கும். அதற்குத் தைத்த பையில் இது நுழையாது. இணையக் கடையில் படத்தைப் பார்த்து வாங்குவோர் முதலில் தம் கித்தாரை அளவுநாடாவால் அளந்துகொள்வது நல்லது. உடல் அகலம், ஆழம், மொத்த நீளம் ஆகிய மூன்று எண்களும் போதும்.

இனி, பெட்டி. ஒட்டுப்பலகையாலோ கெட்டியான நெகிழியாலோ செய்த பெட்டி, மேலே பாரம் விழுந்தாலும் தாங்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வெறும் பெட்டியே 4 அல்லது 5 கிலோ கனக்கும். அதைத் தூக்கிக்கொண்டு விடுதியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். இரண்டாம் வாரமே கித்தாரை அறையில் விட்டுவிட்டுப் போவீர்கள். மோட்டாரில் அதைப் பிடித்துக்கொண்டு போவது ஆபத்து. பெட்டி விலை உயர்ந்தது என்பதாலேயே அது எல்லாருக்கும் சிறந்தது ஆகிவிடாது. பெட்டிதான் வேண்டுமென்றால், கித்தாரை உள்ளே வைத்து மூடி மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசையக்கூடாது. கழுத்துக்குத் தாங்கி இருக்க வேண்டும்; தலைப்பகுதி அடியைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே, கெட்டி நுரையால் செய்து மேலே துணி போர்த்திய இலேசான பெட்டிகளும் கிடைக்கின்றன. காரில் போய் வருவோருக்கு அது நல்ல தேர்வு.

நம் நாட்டின் வெயிலும் ஈரமும் வேறொரு சோதனை. கித்தாருக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் ஏற்றது என்பார்கள். நம் நாட்டிலோ அது 80 விழுக்காட்டைச் சாதாரணமாகத் தாண்டும். மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும், மேற்பலகை புடைக்கும், தந்தி உயர்ந்து விரல் வலிக்கும். பை மழைத்தூறலைத் தாங்கும், காற்றின் ஈரத்தைத் தடுக்காது. இறுக மூடும் பெட்டி ஓரளவு தடுக்கும். ஆனால் ஈரக் கித்தாரை உள்ளே வைத்துப் பூட்டினால் பூசணம் வளர்க்கும் பெட்டியாகிவிடும். எனவே, துடைத்து உலர்த்திய பிறகே உள்ளே வைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு, அவ்வப்போது மாற்ற வேண்டும். அடைமழைக் காலத்தில் பைக்கு மேல் ஒரு மழையுறை அவசியம். நீர் முதலில் நுழைவது ஜிப் வழியாகத்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரி செல்சியசைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பசை இளகி, தந்திகளைத் தாங்கும் பாலம் பெயர்ந்துவிடலாம். அதற்குப் பையும் மருந்தன்று, பெட்டியும் மருந்தன்று. காரில் விட்டுச் செல்லாமல் இருப்பதே மருந்து.

சபா, சரவாக் பல்கலைக்கழகங்களில் பயிலும் நம் மாணவர்கள் விமானத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். சரக்கோடு கித்தாரை அனுப்ப நேர்ந்தால் அவர்களுக்குப் பெட்டி மட்டுமே துணை. தலைப்பகுதியைச் சுற்றித் துணி அடைத்து, தந்திகளைச் சற்றுத் தளர்த்தி அனுப்ப வேண்டும். கனடா நாட்டுப் பாடகர் டேவ் கேரலின் கித்தார் 2008-இல் விமானப் பயணத்தில் உடைந்தது. பல மாதம் முறையிட்டும் இழப்பீடு கிடைக்காமல், 2009-இல் அதையே பாட்டாக்கி இணையத்தில் வெளியிட்டார், உலகமே கேட்டது. நம்மில் எத்தனை பேர் பாட்டெழுதி நியாயம் வாங்க முடியும்? உடைந்த பின் வழக்காடுவதைவிட உடையாமல் அனுப்புவதே மேல்.

"ஐந்நூறு ரிங்கிட் கித்தாருக்கு நூற்றைம்பது ரிங்கிட் பையா?" என்று சிலர் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்விதான். உதவித்தொகை வரும்வரை மெகி மீ தின்று நாளைத் தள்ளும் மாணவனுக்கு நூற்றைம்பது ரிங்கிட் பெரிய தொகை. ஆயினும், விலைகுறைந்த கித்தாருக்குத்தான் நல்ல பை கூடுதலாகத் தேவை என்பேன். விலையுயர்ந்த கித்தாரின் கழுத்து முறிந்தால் கைவினைஞரிடம் கொடுத்துச் செப்பனிடுவார்கள். ஐந்நூறு ரிங்கிட் கித்தாருக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. அது குப்பைக்கே போகும். நல்ல பையோ அடுத்த கித்தாருக்கும் உதவும். ஆகவே, கையில் ஐந்நூறு இருந்தால் நானூறுக்குக் கித்தாரும் நூறுக்குப் பையும் வாங்குவதே அறிவுடைமை.

இறுதியாக, நம் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். கழக அறையில் இருக்கும் பொதுக் கித்தார் ஒருவருடையதன்று. சொந்தமாக வாங்க வசதியில்லாத இளையோர் பலர் முதன்முதலில் விரல் பழகியது அதில்தான். கலை இரவு வந்தால் அது ஒலிபெருக்கிகளோடும் மேடைப் பலகைகளோடும் லாரியில் ஏறுகிறது. அதன் வழி லாரி வழி. அதற்குத் தேவை பெட்டி. மேடைத் திரைக்கும் மாலைக்கும் நினைவுச் சின்னத்துக்கும் நிதி ஒதுக்கும் நாம், அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் அந்தப் பெட்டிக்கும் ஒரு வரி ஒதுக்கக்கூடாதா? மாலை மறுநாள் வாடிவிடும். பெட்டி பத்து ஆண்டு இருக்கும்.

மோட்டாரில் போகிறவரே, தடித்த பை வாங்குங்கள். பேருந்தில் போகிறவரே, தடித்த பையில் வைத்து, கூடியமட்டும் அடியறையில் போடாமல் இருக்கையருகே கொண்டுபோக ஓட்டுநர் அண்ணனிடம் அன்பாகக் கேட்டுப் பாருங்கள். விமானத்திலும் லாரியிலும் அனுப்புகிறவரே, பெட்டி வாங்குங்கள். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். கலப்பை சுமந்த கூத்தனின் கவனம் நமக்கும் வாய்த்தால், இவ்வாண்டுக் கலை இரவில் ஒலிக்கும் கித்தார் அடுத்த ஆண்டும் ஒலிக்கும்.