படம் போட்டவர் யார்?

‘பொன்னியின் செல்வன்’ எழுதியவர் யார் என்று நம் சங்கத்து உறுப்பினர் எவரைக் கேட்டாலும் ‘கல்கி’ என்று உடனே பதில் வரும். வந்தியத்தேவன் எப்படியிருப்பான், நந்தினியின் கொண்டை எப்படியிருக்கும் என்று கேட்டாலும் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த முகத்தையும் கொண்டையையும் அவர்கள் மனத்தில் பதித்தவர் யார் என்று கேட்டால்தான் பாதிப்பேர் தலையைச் சொறிவார்கள். 1950-ல் ‘கல்கி’ இதழில் அந்தத் தொடர் ஆரம்பமானபோது அதற்குப் படம் போட்டவர் மணியம். 1968-ல், 44 வயதிலேயே மறைந்துவிட்டார்.

எழுதுபவரைக் கொண்டாடுகிறோம், பாடுபவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். படம் போடுபவரை மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் நமக்கு அவர் மிகவும் வேண்டியவர் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் ஓவியன் அல்லன். டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து, டிராயிங் போர்டின் முன் பல வருஷம் குனிந்து நின்றவன். எங்கள் வரைபடத்தில் ஒரு கோடு தவறினால் பணிமனையில் இரும்பு வீணாகும். ஆகவே கோட்டின் அருமை எனக்குக் கொஞ்சம் தெரியும். பத்திரிகை ஓவியரின் வேலையும் அப்படிப்பட்டதுதான். கற்பனை பொங்கி வரட்டும் என்று காத்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் ஏது?

கதை கைக்கு வந்ததும் அதைப் படித்து எந்தக் கட்டத்தை வரைவது என்று தீர்மானிக்க வேண்டும். முடிவைக் காட்டிக் கொடுத்தால் கதை கெட்டது. பக்கத்தில் விட்டிருக்கும் இடத்துக்குள் படம் அடங்க வேண்டும். அந்நாளில் கறுப்பு மையில் வரைந்த படத்தைக் காமிரா மூலம் சிறிதாக்கி, துத்தநாகத் தகட்டை அமிலத்தில் அரித்து ‘பிளாக்’ எடுப்பார்கள். கோடுகள் நெருக்கமாகிவிட்டால் மட்டக் காகிதத்தில் மை அப்பி, கதாநாயகி முகம் கரியாகிவிடும். எந்தக் கோட்டைப் போடுவது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ரயில்கூடத் தாமதமாக வரலாம். வாரப் பத்திரிகை வர முடியாது!

இப்படி நாள் தவறாமல் உழைத்தவர்களில் நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழர்கள் முக்கியமாக நினைக்க வேண்டியவர் ‘சங்கர்’ என்ற கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்தவர். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். 1946-ல் ‘கலைமகள்’ பத்திரிகையில் சேர்ந்து, 1952-ல் ‘அம்புலிமாமா’வுக்கு வந்தார். கையில் வாளும் தோளில் பிணமுமாக மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை நமக்குக் காட்டியவர் இவரே. எண்பது வயதைத் தாண்டியும் அந்தப் பத்திரிகைக்காக வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். பத்மஸ்ரீ விருது 2021-ல், அவர் மறைந்த பிறகுதான் வந்தது.

பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. பிறகு இன்னும் பல மொழிகளில் வந்தது. எழுத்து மொழிக்கு மொழி மாறியது; படம் மாறவில்லை. சங்கர் வரைந்த வேதாளத்தைப் பார்த்து ஒரு தமிழ்ப் பிள்ளை பயந்த அதே மாதத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளையும் பயந்திருக்கும். ரயில்வே காலனிகளில் நம் குழந்தைகளும் அவர்கள் குழந்தைகளும் பாஷை சரியாகப் புரிவதற்கு முன்பே பொதுவாகப் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது.

இந்தப் பாலம் ஒரு வழிப் பாதையும் அல்ல. அம்புலிமாமா அட்டைகளை அழகு செய்த வட்டாதி பாப்பையா தெலுங்கர். தெலுங்கு மக்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் பாபு, நம் தஞ்சாவூர்க்காரரான கோபுலுவைத் தம் குருவாக மதித்தவர். அடுத்த முறை தெலுங்கு நண்பர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் பாபுவின் கையெழுத்தைப் போன்ற எழுத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாள்தோறும் வரைபவருக்குக் கற்பனை எங்கிருந்து ஊறுகிறது? வாசல் கதவைத் திறந்தால் தெரியும் உலகத்திலிருந்துதான். 1941-ல் ‘ஆனந்த விகடன்’ தீபாவளி மலருக்காக, திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் வீட்டில் இருந்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரும்படி இளைஞர் கோபுலுவை அனுப்பினார் அவருடைய குரு மாலி. ‘போய்ப் பார்த்து வா’ என்பதே முதல் பாடம்! அதே மாலியிடம் ‘சில்பி’ என்று பெயர் பெற்ற சீனிவாசன், கோயில் கோயிலாகச் சென்று சிலைகளின் எதிரே உட்கார்ந்து வரைந்தார். அவை ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ என்று விகடனில் வந்தன. கோபுலுவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ படங்களில் தவில்காரரின் குடுமியும் உட்காரும் தோரணையும் அப்படியே தஞ்சாவூர்ச் சீமை. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது வரும்.

முதுமையில் வலது கை முடங்கியபோது இடது கையால் வரைந்தார் கோபுலு. 2015-ல் மறையும்வரை அவரை ஓவியராகவே வைத்திருந்தது அந்தக் கண்தான்.

இந்தக் கண்ணை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா என்பதே என் கேள்வி. நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. சங்கத்தின் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் புரட்டிவிட்டு வைத்துவிடுகிறார்கள். அவர்கள் ஒரு நிமிஷம் நிற்பது படத்தில்தான். அந்தப் படமோ இப்போது பல மலர்களில் எங்கிருந்தோ எடுத்துப் போட்டதாக இருக்கிறது. இல்லையென்றால் கணினியிடம் நாலு வரி சொல்லி நொடியில் வாங்கியதாக இருக்கிறது. பொங்கல் பானையின் கழுத்தில் கட்ட வேண்டிய மஞ்சள் கொத்து, பானைக்குள்ளிருந்து பூச்செண்டு போல் முளைத்து நிற்கும் படம் ஒன்றைச் சமீபத்தில் பார்த்தேன். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பொங்கல் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் அந்தப் படத்துக்குப் பின்னால் இல்லை.

செலவு மிச்சம் என்பார்கள். மிச்சந்தான். அந்த மிச்சம் ஓர் ஓவியரின் வீட்டு வாடகை என்பதையும் சொல்ல வேண்டும். இன்னொன்றும் நம்மவர் பலருக்குத் தெரியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டே வரைந்த படமானாலும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகைகளில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்கு. மற்ற உரிமைகள் வரைந்தவருக்கு. பழைய படம்தானே என்று எடுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

‘படம் போட்டால் வயிறு நிறையுமா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எளிதில் நிறையாது. கோபுலுவே பத்திரிகை வேலையை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். ஆனால் இன்று ‘சோட்டா பீம்’ இந்த ஹைதராபாத்தில்தான் உருவாகிறது. மாசாப் டேங்க்கில் கட்டடக்கலைக்கும் நுண்கலைக்குமாக ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் ஓவியராக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் படிக்கப் போகிற பிள்ளைக்கும் பார்த்து வரையப் பழகிய கை ஒரு சொத்து. அதற்கு நான் உத்தரவாதம்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று யோசனைகள். முதலாவது, ஒவ்வோர் இதழிலும் இரண்டு பக்கம் பிள்ளைகள் நேரில் பார்த்து வரைந்த படங்களுக்கு ஒதுக்குவோம். கைபேசியில் பார்த்து வரைந்ததற்கு இடமில்லை. மெட்டுகுடாவில் பார்க்கவா பஞ்சம்? தூண்கள்மேல் ஓடும் மெட்ரோ, அதன் நிழலில் மிளகாய் பஜ்ஜி வண்டி, காலையில் லாலாகுடா பணிமனைக்குப் போகும் கூட்டம், போனாலு நாளில் தலையில் பானையுடன் நடக்கும் பெண்கள், கொலு வைத்த நம் வீட்டுக் கூடம். படத்தின் கீழே இரண்டு வரி தமிழில் எழுதச் சொல்வோம். எழுதத் தெரியாத பிள்ளைக்குத் தாத்தா பாட்டி கை பிடித்து உதவட்டும். தன் படத்தின் கீழே தன் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்கவாவது அந்தப் பிள்ளை தமிழ் எழுத்தைத் தேடும்.

இரண்டாவது, ஆண்டு மலரின் அட்டையை ஓர் ஓவியரைக் கொண்டு வரையச் செய்து, தொகை சிறிதானாலும், பேசியபடி கையில் கொடுப்போம். அன்பளிப்பாகப் பொன்னாடை வேண்டாம்.

மூன்றாவது, அச்சாகும் ஒவ்வொரு படத்தின் கீழும் வரைந்தவர் பெயரைப் போடுவோம். இதற்குக் காலணாச் செலவில்லை. அடுத்த இதழிலேயே தொடங்கலாம்.