கம்பெனி காசுல ஹெவி லைசென்ஸ்: இது ஓசி இல்ல, கடன்

"லைசென்ஸ் செலவு முழுக்க எங்களோடது. நீங்க ரெண்டு வருஷம் எங்ககிட்டயே வண்டி ஓட்டணும், அவ்வளவுதான்." இப்படி ஒரு ஆஃபர் வந்தா ஏத்துக்கலாமான்றதுதான் இன்னைக்குப் பேசப் போற விஷயம். என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். ஏத்துக்கலாம். ஆனா அதை இலவசப் பயிற்சின்னு நினைச்சு கையெழுத்துப் போடாதீங்க. அது ஒரு கடன். ரூபாயா திருப்பிக் கட்டாம, குறைஞ்ச சம்பளமா திருப்பிக் கட்டுற கடன்.

நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல இது சும்மா பேச்சுக்கான விஷயமும் இல்ல. விராலிமலை பக்கம் ஷிப்ட் வேலை, ஸ்டோர்ஸ், பேக்கிங்னு இருக்கிற பசங்க நிறைய. இன்னொரு பக்கம் குவாரி, கிரஷர், ரைஸ் மில், செங்கல் சூளைன்னு லாரி இல்லாம ஒரு நாள் கூட ஓடாத தொழில்கள். வண்டி நிக்குது, டிரைவர் இல்ல. அதனால ஒரு முதலாளி தன் கைக்காசைப் போட்டு ஆளைத் தயார் பண்றேன்னு சொன்னா, அது தர்மம் இல்ல, முதலீடு. அவர் கணக்குப் போட்டுத்தான் வர்றார். நாமளும் போடணும்ல?

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமா பார்த்துடுவோம். லாரி மாதிரி டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்ட 20 வயசு முடிஞ்சிருக்கணும். அதுக்கு எல்.எல்.ஆர். போடணும்னாலே கையில எல்.எம்.வி. லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கணும். எந்த கம்பெனியும் காசு கொடுத்து இந்த ஒரு வருஷத்தைக் குறைக்க முடியாது. எட்டாவது பாஸ் ஆகியிருக்கணும்ன்ற விதியை 2019-லயே எடுத்துட்டாங்க. மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்துல படிச்சா ஹெவிக்கு 6 வாரம், 38 மணி நேரம். அங்க பாஸ் பண்ணினவங்களுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஓட்டிக் காட்டுற டெஸ்ட்ல இருந்து விலக்கும் உண்டு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியறதில்ல. 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்போர்ட் வண்டியை சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ்லயே ஓட்டலாம். அதாவது உங்களுக்குக் கொடுக்கப் போற வண்டி குட்டி யானைன்னா, பயிற்சி, பாண்டு எதுவுமே தேவையில்ல. முதல்ல "என்ன வண்டி சார்?"னு கேளுங்க.

சரி, கணக்குக்கு வருவோம்

உதாரணத்துக்கு பயிற்சி, லைசென்ஸ் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்னு வச்சுக்குவோம். இதே தொகையை நீங்களே 14% வட்டிக்கு தனிநபர் கடனா ரெண்டு வருஷத்துக்கு வாங்கினா இ.எம்.ஐ. சுமார் 1,920 ரூபாய். மொத்தமா கட்டுறது 46,000-த்துச் சொச்சம். வீட்ல நகை இருந்து நகைக்கடன் வாங்கினா வட்டி இன்னும் குறையும்.

இப்போ கம்பெனி பக்கம். பாண்டுல இருக்கிற ரெண்டு வருஷமும், அதே வண்டியை வெளியில ஓட்டுற டிரைவரை விட உங்களுக்கு மாசம் 3,000 கம்மியா கொடுக்கிறாங்கன்னு வைங்க. 24 மாசத்துக்கு 72,000. ஓசின்னு வாங்கின லைசென்ஸுக்கு 26,000 ரூபாய் அதிகமா கொடுத்திருக்கீங்க!

அதனால நீங்க பார்க்க வேண்டிய எண் பாண்டு தொகை இல்ல, அந்த 1,920. வெளி மார்க்கெட் சம்பளத்துக்கும் கம்பெனி தர்றதுக்கும் உள்ள இடைவெளி அதுக்குக் கீழ இருந்தா கம்பெனி ஆஃபர் லாபம். மேல போனா சொந்தக் கடன்தான் லாபம். மார்க்கெட் சம்பளம் என்னன்னு தெரிஞ்சுக்க கூகுள் வேண்டாம். நெடுஞ்சாலை டீக்கடையில வண்டியை நிறுத்தியிருக்கிற நாலு டிரைவர் அண்ணன்கள்கிட்ட கேளுங்க. மாசம் எத்தனை டிரிப், பேட்டா எவ்வளவு, ஊருக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வர்றாங்கன்னு அவங்க சொல்ற பதில்தான் நிஜம்.

ஆனா இந்தக் கணக்குல வராத ஒண்ணு இருக்கு. அதனாலதான் "எல்லாரும் கடன் வாங்கியே படிங்க"ன்னு நான் சொல்லல. லைசென்ஸ் வாங்கினவன் எல்லாம் டிரைவர் ஆயிட மாட்டான். லோடு ஏத்தின டாரஸை இறக்கத்துல கியர்ல பிடிச்சு இறக்குறது, கிரஷருக்குள்ள ரிவர்ஸ் எடுக்கிறது இதெல்லாம் ஸ்டியரிங் பிடிச்சு மாசக்கணக்குல வர்றது. புது லைசென்ஸ்காரனை நம்பி 30, 40 லட்சம் ரூபா வண்டியை யார் கொடுப்பா? அந்தக் காலத்துல இதுக்கு ஒரே வழி கிளீனரா ஏறுறதுதான். வண்டி கழுவி, தார்ப்பாய் கட்டி, சோறாக்கிப் போட்டு, டிரைவர் மனசு வச்சா ராத்திரி காலி ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிப் பழகலாம். அதுவும் முதலாளி காசுல நடந்த பயிற்சிதான், ஒப்பந்தம் மட்டும் கிடையாது. எத்தனை வருஷம்னு கேட்கவும் முடியாது. அதோட ஒப்பிட்டா, முறையான மையத்துல பயிற்சி, அப்புறம் அனுபவசாலி ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிற மூணு மாசம், அந்த மூணு மாசமும் சம்பளம் உண்டுன்னு ஒரு கம்பெனி எழுதிக் கொடுத்தா, மாசம் 3,000 கம்மியா இருந்தாக் கூட நான் யோசிப்பேன். நாமக்கல்ல அசோக் லேலண்ட் நடத்துற டிரைவர் பயிற்சி நிலையம் மாதிரி இடங்கள் நம்ம மாநிலத்துலயே இருக்கு. உங்க கம்பெனி எந்த இடத்துக்கு அனுப்புதுன்னு கேட்கிறது உங்க உரிமை.

பாண்டு பேப்பர்ல என்ன இருக்கணும்

"பாண்டு எல்லாம் கோர்ட்ல நிக்காது ப்ரோ"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2025 மே 14-ம் தேதி விஜயா வங்கி வழக்குல உச்ச நீதிமன்றம், மூணு வருஷத்துக்கு முன்னாடி வேலையை விட்டா 2 லட்சம் கட்டணும்ன்ற நிபந்தனை செல்லும்னு சொல்லிடுச்சு. அது பொதுத்துறை வங்கி, அவர் அதிகாரி பதவி, அந்த சம்பளத்துக்கு 2 லட்சம் அதிகமில்லைன்றதும் ஒரு காரணம். மாசம் 16,000 வாங்குற பையன்கிட்ட அதே தொகை எழுதி வாங்கினா கதை வேற. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவுப்படி, பேப்பர்ல என்ன தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு. பாண்டைக் காட்டி உங்களை வலுக்கட்டாயமா வேலை செய்ய வைக்கவும் முடியாது.

அதனால ரெண்டே விஷயத்துக்குத்தான் நான் சண்டை போடுவேன். ஒண்ணு, பாண்டு தொகை உண்மையான செலவை ஒட்டி இருக்கணும், மாசாமாசம் குறையணும். 40,000 செலவு, 24 மாசம்னா ஒரு வருஷம் முடிச்சுட்டுப் போறவன் 20,000 கட்டினா போதும்னு எழுதணும். 23-வது மாசம் போனாலும் முழுசா ஒரு லட்சம் கட்டணும்னா அது பயிற்சி பாண்டு இல்ல, கால்ல கட்டுற சங்கிலி. ரெண்டாவது, ஒரிஜினல் லைசென்ஸ், மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் எதையும் கொடுக்காதீங்க. கம்பெனி காசு கட்டியிருந்தாலும் லைசென்ஸ் உங்க பேர்லதான் இருக்கு. வெத்து செக்கும் கொடுக்க வேண்டாம்.

சம்பளத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. டிரைவர் வேலையில கைக்கு வர்றதுல பெரிய பங்கு பேட்டா. பி.எஃப். அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் பிடிப்பாங்க, பேட்டாவுக்கு இல்ல. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போனா வங்கி பார்க்கிறதும் அக்கவுண்ட்ல ஏறின சம்பளத்தைத்தான். இப்போ ஃபேக்டரில பி.எஃப்., இ.எஸ்.ஐ.யோட இருக்கிறவங்க "கையில 8,000 கூட வருது"ன்னு மட்டும் பார்த்து மாறிடாதீங்க. 20 ரூபாய் கட்டினா 2 லட்சம் விபத்துக் காப்பீடு தர்ற பிரதமர் சுரக்‌ஷா பீமா போதவே போதாது. மாறுறதுக்கு முன்னாடி தனியா ஒரு விபத்துக் காப்பீடு எடுங்க, விண்ணப்பத்துல தொழில் லாரி டிரைவர்னே எழுதுங்க.

தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். 1991-ல அறிவொளி இயக்கத்தோட சேர்த்து, அப்போ கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் முயற்சியில ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்ட மாவட்டம் இது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் ஏற்பாடு பண்ணாங்க. கடன் சைக்கிளுக்கு மட்டும்தான். ஓட்டக் கத்துக்கிட்டது அவங்களோடது.

அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் இதைப் படிக்கிறவங்களுக்கு சிங்கப்பூர் நினைப்பு வந்திருக்கும். 2025 செப்டம்பர் 1 முதல் அங்க கனரக வாகன ஓட்டுநர் வேலைக்கும் இந்தியாவுல இருந்து ஆள் எடுக்கலாம்னு விதியை மாத்தியிருக்காங்க, மாச சம்பளம் குறைஞ்சது 2,000 சிங்கப்பூர் டாலர். நம்ம ஊர்ல ரெண்டு வருஷம் ஹெவி ஓட்டின அனுபவம் அப்போ கை கொடுக்கலாம். அந்த நேரத்துல பாண்டு பேப்பர்ல மாசாமாசம் குறையற தொகை எழுதியிருக்கா இல்லையான்றது பெரிய வித்தியாசம் பண்ணும். எல்.எம்.வி. இன்னும் எடுக்காதவங்க இந்த வாரமே எல்.எல்.ஆர். போடுங்க. 30 நாள் கழிச்சு டெஸ்ட். அந்த லைசென்ஸ் கைக்கு வந்த நாள்ல இருந்துதான் ஹெவிக்கான ஒரு வருஷம் ஓட ஆரம்பிக்கும்.