கொப்புளத்தை வைத்துக் குற்றம் சாட்டாதீர்கள்

காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வந்தால், "உடம்புச் சூடு" என்று சொல்லி எதையாவது தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அதே மாதிரிக் கொப்புளம் பிறப்புறுப்பில் வந்துவிட்டால் வீடு கொதிக்கிறது. "யாரிடம் போனாய்?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கொப்புளங்களுக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸைப் பற்றித் தெரிந்தவர்கள் அந்தக் கேள்வியை அவ்வளவு எளிதில் கேட்க மாட்டார்கள்.

இந்த வைரஸில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பெரும்பாலும் வாயில் வருவது. சிறு வயதில் பெரியவர்களின் எச்சிலும் முத்தமும் பட்டே பலருக்கும் ஒட்டிக்கொள்கிறது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இரண்டாம் வகை முக்கியமாக உடலுறவில் பரவுவது. 15 முதல் 49 வயதுக்குள் ஏறக்குறைய 52 கோடிப் பேருக்கு அது இருக்கிறது. ஆனால் வாய்க்கு ஒன்று, கீழே ஒன்று என்று வைரஸ் எல்லை போட்டுக்கொள்வதில்லை. வாய்வழி உறவில் முதல் வகை பிறப்புறுப்புக்கும் போகும். ஒருவரையொருவர் தவிர வேறு யாரையும் அறியாத தம்பதியிலும் இது நடக்கலாம்.

உள்ளே நுழைந்த வைரஸ் நரம்பு வழியாக ஏறி, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலோ மண்டையோட்டின் அடியிலோ உள்ள நரம்பு முடிச்சில் பதுங்கிவிடுகிறது. பிறகு வாழ்நாள் முழுக்க அங்கேதான். காய்ச்சல், மனஉளைச்சல், மாதவிலக்கு, கடும் வெயில் என ஏதாவது ஒன்று கிளப்பிவிட்டால் வந்த வழியே தோலுக்கு இறங்குகிறது. பலருக்கு முதல் தொற்று கொப்புளமே இல்லாமல் கடந்துவிடும். சிலருக்கு ஆண்டுகள் கழித்துத்தான் முதல் புண் தெரியும். அதனால் இன்று வந்த புண்ணை வைத்துப் போன மாதத்து நடத்தைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ரத்தப் பரிசோதனையும் இதில் உதவாது. எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று அது சொல்லும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்லாது. புண் புதிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டினால், அதிலிருந்து மாதிரி எடுத்து எந்த வகை என்று கண்டுபிடிக்கலாம். வெட்கப்பட்டு ஆறும்வரை காத்திருப்பவர்கள் அந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

புண் இருக்கும்போது பரவும் ஆபத்து மிக அதிகம். புண்ணே தெரியாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் வெளிப்படலாம். பலருக்கு அப்படித்தான் பரவுகிறது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கக்கூடும். கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல்குளம் பற்றியெல்லாம் பயந்து வீட்டில் ஒருவரை ஒதுக்கிவைப்பது கொடுமை.

வைரஸை ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கும் மருந்து இருக்கிறது. அப்படிப்பட்ட அசைக்ளோவிர் என்ற மருந்து உருவாகக் காரணமானவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் 1988இல் நோபல் பரிசு பெற்றார். எரிச்சல் தொடங்கியதுமே மாத்திரையை ஆரம்பித்தால் புண் விரைவில் ஆறும். அடிக்கடி புண் வருபவர்களுக்குத் தினமும் சாப்பிடத் தருவதும் உண்டு. அது துணைக்குப் பரவுவதையும் குறைக்கிறது.

உதட்டில் புண் இருக்கிறவர் பச்சிளம் குழந்தைக்கு முத்தம் கொடுக்கவே கூடாது. அந்த வயதில் இந்தத் தொற்று உயிரைப் பறிக்கக்கூடியது. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் முதன்முறையாகத் தொற்றுவதுதான் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. நெடுநாளாகத் தொற்று இருப்பவர்களின் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. எப்படியானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பிரசவ நேரத்தில் பிறப்புறுப்பில் புண் இருந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தையை எடுப்பார்கள்.