திரைக்குப் பின்னால் இருப்பவர் யார்?



சென்ற வாரம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு ஓர் இளந்தோழர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். ரோலிங் மில்லில் காண்டிராக்ட் வேலை செய்பவர். கையில் சாப்பாட்டுத் தூக்கு. கக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். அட்டையில் ஒரு பிரபல நடிகரின் சிரித்த முகம். சினிமாவின் உள் விவகாரங்களைச் சொல்லும் புத்தகம் என்றார். விலையைக் கேட்டேன். ஒரு நாள் கூலியில் பாதி போயிருக்கிறது!

"யாருக்கும் தெரியாத விஷயமெல்லாம் எழுதியிருக்காங்க, தோழர்" என்றார்.

வாங்கிப் புரட்டினேன். எந்த நடிகருக்கும் எந்த நடிகைக்கும் காதல், யார் யாரோடு பேசவில்லை, எந்தப் பாட்டு எந்த ஓட்டலில் பிறந்தது, எந்த முதலாளி யாருக்குக் கார் வாங்கிக் கொடுத்தார் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, இதில் லைட் தூக்கியவர் பெயர் ஒன்றாவது இருக்கிறதா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "இல்லை தோழர். நம்ம பேரு மட்டும் எங்கே இருக்கு? காண்டிராக்டர் நோட்டிலேயே பாதிப் பேர் பேரு இல்லையே!"

இந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சினிமாவின், பாட்டின், டெலிவிஷனின் "திரைக்குப் பின்னால்" என்று புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தொழிலாளர்களும் வாங்குகிறார்கள். வாங்கட்டும். படிக்கும் ஆசை நல்ல ஆசை. எட்டு மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் உலைக்கு முன்னால் வெந்துவிட்டு வருகிறவன் ஒரு படம் பார்த்தால், ஒரு பாட்டுக் கேட்டால், அதைப் பற்றி ஒரு புத்தகம் படித்தால், அதைக் குற்றம் சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் உண்மையில் இருப்பவர் யார்? அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வம்பு விற்ற வரலாறு

தமிழ்நாட்டில் சினிமாவின் உள் விவகாரத்தை விற்றுக் காசாக்கும் தொழில் புதிதல்ல. 1943ல் லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. திரையுலகத்தார் கவர்னரிடம் மனுக் கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தாயிற்று. அவர் ஓயவில்லை. "இந்து நேசன்" என்ற பத்திரிகையில் அதே வியாபாரத்தைத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் பட்டப்பகலில் கத்தியால் குத்தப்பட்டு மாண்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945ல் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947ல்தான் விடுதலையானார்கள். பாகவதரின் புகழ் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அந்த 1943ஆம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு? வங்காளத்தில் லட்சக்கணக்கான மக்கள் ஒரு பிடி சோற்றுக்கு வழியின்றித் தெருவில் விழுந்து செத்த ஆண்டு. யுத்தத்தால் காகிதத்துக்கே கட்டுப்பாடு இருந்த காலம். அந்தக் காகிதத்தில்தான் படுக்கையறை வம்பு அச்சாயிற்று! அதே ஆண்டில்தான் பஞ்சத்தையும் சுரண்டலையும் பாட்டாலும் நாடகத்தாலும் நாட்டுக்கு எடுத்துச் சொல்ல இந்திய மக்கள் நாடக மன்றம் தோன்றியது. கலையை இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இன்று பத்திரிகையின் தாள் வழவழப்பாகிவிட்டது. சரக்கு அதேதான்.

எல்லாப் புத்தகமும் ஒன்றல்ல

ஆனால் எல்லாவற்றையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பது நியாயமல்ல. அவ்வை டி.கே. சண்முகம் "எனது நாடக வாழ்க்கை" என்று ஒரு நூல் எழுதினார். 1918ல், ஆறு வயதில், அண்ணன்மாரோடு மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகக் கம்பெனியில் சேர்க்கப்பட்டவர் அவர். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை அதில் காணலாம். கலைவாணர் அந்தச் சகோதரர்களின் கம்பெனியில் வளர்ந்தவர். எம்.ஜி. ராமச்சந்திரனும் சிவாஜி கணேசனும் இத்தகைய பாய்ஸ் கம்பெனிகளிலிருந்து வந்தவர்கள்தாம். வீட்டில் அடுப்பெரியாததால் கம்பெனியில் விடப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர்! தமிழ் சினிமாவின் அஸ்திவாரத்தில் குழந்தை உழைப்பு கிடக்கிறது. மேலே வந்த சிலர் தங்கள் கதையை எழுதினார்கள். மேலே வராத மற்றப் பிள்ளைகளின் கதையை யார் எழுதினார்கள்?

ஜெயகாந்தன் சினிமாவில் தாம் பட்ட பாட்டை "ஓர் இலக்கியவாதியின் கலையுலக அனுபவங்கள்" என்று எழுதியிருக்கிறார். சேரி மக்களின் வாழ்க்கையை "உன்னைப்போல் ஒருவன்" என்று 1965ல் படமாக எடுத்தவர் அவர். ஒரு நல்ல படத்தை எடுப்பது பாதி வேலைதான். அதைக் கொட்டகைக்குக் கொண்டுவருவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி யார் கையில் இருக்கிறது என்பதை அத்தகைய நூல்கள் காட்டும். அறந்தை நாராயணனின் "தமிழ் சினிமாவின் கதை"யும் நம் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டியது.

இவைகூட முழுக் கதையைச் சொல்லிவிடவில்லை. ஏன்? எழுதியவர்கள் எழுத்தாளர்கள், நடிகர்கள். லைட்மேன் எழுதவில்லை. செட் போட்ட தச்சர் எழுதவில்லை. கதாநாயகனுக்காக மாடியிலிருந்து குதித்த டூப் எழுதவில்லை. டெலிவிஷன் தொடருக்குத் தினமும் சோறு வடித்துப் போட்ட அம்மாள் எழுதவில்லை.

பாட்டின் கதையும் இதேதான். ஊத்துக்கோட்டையிலும் பொன்னேரியிலும் நாற்று நடும் தாய்மார்கள் குனிந்த முதுகோடு பாடும் மெட்டுப் போன்றவை எத்தனை சினிமாப் பாட்டுக்குள் புகுந்திருக்கின்றன! இசையமைத்தவர் பெயர் உண்டு, பாடியவர் பெயர் உண்டு. மெட்டைப் பெற்றெடுத்த வயல்காட்டின் பெயர் எந்த இசைத்தட்டில் இருக்கிறது?

நம் மாவட்டத்தில் விழுந்த கிரேன்

வம்பு விற்பவர்கள் சொல்லாத உள் விவகாரம் ஒன்றை நான் சொல்கிறேன். அது வெகு தூரத்தில் நடக்கவில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் நடந்தது.

2020 பிப்ரவரி 19ஆம் தேதி இரவு. "இந்தியன் 2" படத்துக்கு அரங்கம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ராட்சத விளக்கைத் தூக்கிய கிரேன் சாய்ந்து விழுந்தது. உதவி இயக்குநர் ஒருவரும் படப்பிடிப்பு ஊழியர்கள் இருவருமாக மூன்று பேர் நசுங்கி மாண்டார்கள். பலர் காயமடைந்தார்கள். 2024 ஜூலையில் படம் திரைக்கு வந்தது. அதைப் பார்த்த நம்மில் எத்தனை பேருக்கு அந்த மூவரின் நினைவு வந்தது?

அதே 2024 ஜூலையில் சென்னையில் "சர்தார் 2" படப்பிடிப்பில் ஒரு சண்டைக் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து மாண்டார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் "வேட்டுவம்" படப்பிடிப்பில் காரோட்டிப் பாயும் காட்சியில் இன்னொரு சண்டைக் கலைஞர் உயிர் போயிற்று.

சிப்காட் தோழர்களே, இந்தச் செய்திகள் உங்களுக்குப் பழக்கமாகத் தோன்றவில்லையா? கிரேன் விழுந்தது, சங்கிலி அறுந்தது, உலைக்குழம்பு தெறித்தது என்று நாம் கேட்பதில்லையா? செங்குன்றம் அரிசி ஆலையிலும், திருவள்ளூர்ச் செங்கற்சூளையிலும், படப்பிடிப்பு அரங்கிலும் உழைப்பவனின் விதி ஒன்றாகவே இருக்கிறது. வேலையை முடிக்கும் அவசரம் முதலாளிக்கு. உயிர் நமக்கு. அங்கே கால்ஷீட் என்கிறார்கள், இங்கே ஷிப்ட் என்கிறார்கள். அங்கே பேட்டா, இங்கே கூலி. பெயர்தான் வேறு!

போராடிப் பெற்றதும், பறிபோனதும்

திரைக்குப் பின்னால் இன்னொரு வரலாறும் உண்டு. அது நெஞ்சை நிமிர்த்தும் வரலாறு.

வங்காளத்திலிருந்து வந்த நிமாய் கோஷ் ஓர் ஒளிப்பதிவாளர், கம்யூனிஸ்ட். தேசப் பிரிவினையால் அகதிகளானவர்களைப் பற்றி 1950ல் "சின்னமூல்" என்ற வங்காளிப் படத்தை எடுத்தவர். சென்னைக்கு வந்து, 1960ல் "பாதை தெரியுது பார்" என்ற தமிழ்ப் படத்தை இயக்கினார். இசையமைத்தவர் எம்.பி. சீனிவாசன், அவரும் கம்யூனிஸ்ட். தொழிலாளர் வாழ்வைச் சொல்ல வந்த அந்தப் படம் கொட்டகையில் நீடிக்கவில்லை. ஆனால் அந்த இருவரும் சோர்ந்து உட்காரவில்லை. ஸ்டுடியோத் தொழிலாளர்களையும் வாத்தியக் கலைஞர்களையும் திரட்டிச் சங்கம் கட்டுவதில் முன்னே நின்றார்கள். காமிராவுக்குப் பின்னால் நின்ற கையும் ஆர்மோனியத்தில் ஓடிய கையும் சந்தாப் புத்தகத்தையும் ஏந்தின! எந்த வம்புப் புத்தகத்திலாவது இதைப் படித்தீர்களா?

தொழிலாளர் சங்கங்கள் வலுத்ததால்தான் 1981ல் சினிமாத் தொழிலாளருக்கென்று மத்திய சட்டங்கள் வந்தன. எழுத்து மூலம் ஒப்பந்தம் போட வேண்டும் என்றார்கள். எடுக்கும் படத்துக்கு வரி வாங்கி, அதிலிருந்து சேமநல நிதி நடத்த வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டங்களும் ஏட்டோடு நின்ற இடங்கள் ஏராளம். ஆனாலும் கையில் ஓர் ஆயுதம் இருந்தது.

இன்று? 2020ல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டங்களுக்குள் அவற்றைக் கரைத்துவிட்டார்கள். 2025 ஜூலை 9 அன்று நாடெங்கும் தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்த பிறகும், அதே ஆண்டு நவம்பர் 21 முதல் மோடி சர்க்கார் அவற்றை அமலுக்குக் கொண்டுவந்தது. 20 காண்டிராக்ட் தொழிலாளர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்றிருந்ததை 50 ஆக்கினார்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் என்ற வரி சினிமாத் தொழிலாளருக்குப் புதிய சட்டத்திலும் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். சிறிய காண்டிராக்டரிடம் வேலை செய்பவனைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, காகிதத்தில் வரியை வைத்து என்ன பயன்? சினிமாத் தொழிலாளியையும் ரோலிங் மில் தொழிலாளியையும் ஒரே கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். ஆகவே, ஸ்டுடியோவில் மாண்டவனின் கதை நம் கதை.

நம் மீதும் குறை உண்டு

இவ்வளவு சொன்ன நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நிமாய் கோஷின் கதையை அந்த இளந்தோழரிடம் சொன்னபோது, "இதுக்கு ஒரு சின்னப் புத்தகம் இருந்தா கொடுங்க தோழர், ஷிப்ட்லே எல்லாருக்கும் காட்டுவேன்" என்றார். எங்கள் அலுவலக அலமாரியில் இல்லை! உலக விவகாரங்களுக்கெல்லாம் அங்கே பிரசுரம் இருக்கிறது. தொழிலாளி அன்றாடம் பார்க்கும் சினிமாவைப் பற்றி இல்லை. நாம் காலியாக விட்ட இடத்தில்தான் வம்பு வியாபாரி கடை விரிக்கிறான். தொழிலாளியின் ரசனையைப் பழித்துவிட்டு இந்தக் குறையை மூட முடியாது.

என்ன செய்யலாம்? சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் மாதம் ஒரு முறை படிப்பு வட்டம் கூட்டட்டும். தடித்த அரசியல் நூலோடுதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. தோழர்கள் ஆசைப்பட்டு வாங்கிய சினிமாப் புத்தகத்தையே நடுவில் வையுங்கள். ஒருவர் உரக்கப் படிக்கட்டும். பிறகு நான்கு கேள்விகள் கேளுங்கள். பணம் போட்டவர் யார், லாபம் எடுத்தவர் யார்? உடலால் உழைத்தவர் யார், அவருக்குக் கிடைத்தது என்ன? அடிபட்டவர் யார், நஷ்ட ஈடு கொடுத்தவர் யார்? பெயர் விடுபட்டவர் யார்? இந்த நான்குக்கும் விடை தேடினால், வம்புப் புத்தகமும் வர்க்கப் பாடம் சொல்லும்.

இரண்டாவது வேலை இன்னும் முக்கியம். நம் திரைக்குப் பின்னால் நடப்பதை நாமே எழுத வேண்டும். ஆலைக் கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது, வரப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். கையெழுத்து அழகாயில்லை என்று தயங்க வேண்டாம். எழுதத் தெரியாத தாய்மார்கள் சொல்லட்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்கள் தங்கள் பாஷையில் சொல்லட்டும். தெரிந்தவர் தமிழில் எழுதட்டும்.

அந்த இளந்தோழர் போகும்போது, "எதிலிருந்து தொடங்குறது, தோழர்?" என்று கேட்டார். "உன்னோடு ஷிப்டில் நிற்கிறவர்களின் பெயரிலிருந்து தொடங்கு. காண்டிராக்டர் நோட்டில் இல்லாத பெயரை முதலில் எழுது" என்றேன்.

இரண்டு நாள் கழித்து நோட்டுடன் வந்தார். முதல் பக்கத்தில் பத்தொன்பது பெயர்கள். அதில் எட்டுப் பேருக்குக் காண்டிராக்டரிடம் எந்தப் பதிவும் இல்லை. அந்த எட்டுப் பேரையும் பதிவில் ஏற்றக் கோரும் மனு இப்போது எங்கள் மேஜை மீது தயாராகிக்கொண்டிருக்கிறது.

தோழர்களே, உங்கள் நோட்டை எப்போது தொடங்குகிறீர்கள்?