இலவசமாய் வந்த இரவு

“காலம் மாறிவிட்டது, பிள்ளைகளைக் குறை கூறாதீர்” என்று நம் சமுதாயப் பெரியவர் சிலர் வாதிடுகின்றனர். கல்லூரி மாணவன் நள்ளிரவு கடந்தும் கைப்பேசித் திரையில் கண் பதித்துக் கிடப்பது காலத்தின் கோலமாம், கண்டிப்பது பழமைவாதமாம்! இவ்வாதத்தை நாம் மறுக்கிறோம்.

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தாருக்கு உறக்கத்தின் அருமையை எடுத்துரைக்கவும் வேண்டுமோ? தீப்பெட்டி ஆலைப் பேருந்துகள் விடியுமுன்னரே சிற்றூர்களுக்குள் புகுந்து, உறங்கிய சிறாரை ஏற்றிச் சென்ற கொடுமை 1970களிலும் 80களிலும் இம்மண்ணில் நிகழ்ந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்பளித்தது. அதே வட்டாரத்துப் பிள்ளைகள் இன்று செந்திக்குமார நாடார் கல்லூரியிலும், அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும், கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலும் பயில்கின்றனர். அன்று வறுமை பறித்த உறக்கத்தை, இன்று மாதந்தோறும் பணம் கட்டி நாமே பறிகொடுக்கிறோம். இதுவா முன்னேற்றம்?

வணிகரின் சாதுரியத்தைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபோது, இரவு 2 மணி முதல் 5 மணி வரை இணையம் அளவின்றி இலவசம் என்று அறிவித்தது. 2021இல் ‘வி’ நிறுவனம் நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை அவ்வாறே வழங்கியது. எந்நேரத்தைத் தேர்ந்தார்கள் என்று கவனித்தீர்களா? தஹஜ்ஜுத் தொழுகையும் சுபுஹு பாங்கும் அந்நேரத்துக்குள்ளன்றோ அடங்குகின்றன! இலவசமாய்த் தந்தவன் விற்காமல் விட்டுவிடவில்லை. நம் பிள்ளையின் இரவையே விலையாகப் பெற்றுக்கொண்டான்.

திருமறையின் ‘அந்நபஉ’ அத்தியாயம் உறக்கம், இரவு, பகல் மூன்றையும் அடுத்தடுத்து இறைவனின் அருட்கொடைகளாக எண்ணிக் காட்டுகிறது. அங்கு உறக்கத்தைக் குறிக்க வரும் சொல் ‘ஸுபாத்’. அதன் வேரில் ‘துண்டித்தல்’ என்னும் பொருள் உண்டென அறபு அகராதியாளர் விளக்குவர். அலுவலிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொள்வதே ஓய்வு. துண்டிக்கவே விடாத கருவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ஓய்வை எங்கே தேடுவது?

அறிவியலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரத்தை ஆய்ந்த மூவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இருள் சூழும்போது சுரக்கும் ‘மெலடோனின்’ அக்கடிகாரம் இரவை அறிவிக்கும் அடையாளம். ஒளிரும் திரையில் படித்துவிட்டு உறங்கியோருக்கு அச்சுரப்பு குறைந்ததையும், உறக்கம் தாமதித்ததையும், மறுநாட் காலையில் மந்தம் மிகுந்ததையும் 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆய்வுக்குட்பட்டோர் 12 பேரே; ஒளி மட்டுமே குற்றவாளியும் அன்று. முடிவே இல்லாமல் அடுத்தடுத்து வரும் காட்சிகள் மனத்தை விழிக்க வைப்பது அதனினும் பெரிது. புத்தகத்திற்குக் கடைசிப் பக்கம் உண்டு, இத்திரைக்கு உண்டா?

“இமாம்களும் இரவெல்லாம் விழித்தனரே!” என்பார் உளர். ஆம், விழித்தனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இரவை மூன்றாகப் பகுத்து, எழுத்துக்கு ஒன்றும் தொழுகைக்கு ஒன்றும் வழங்கினார்கள் என்பர். மூன்றாம் பங்கு எதற்கு? உறக்கத்திற்கு! இஷாவுக்குப் பின் வீண்பேச்சைப் பெருமானார் (ஸல்) வெறுத்தார்கள். கல்விக்கும் நற்செயலுக்கும் மார்க்க அறிஞர் விலக்களித்தனர். அவ்விலக்கைக் கேளிக்கைக்குக் கேடயமாக்குவது நியாயமன்று.

“பாடமே கைப்பேசியில்தானே வருகிறது?” என்பதும் ஒரு வாதம். 2020இன் பெருந்தொற்றில் அது தவிர்க்க முடியாததாயிற்று, மறுக்கவில்லை. ஆனால் பாடம் இரவு 2 மணிக்குத்தான் வருகிறதா? மாலையில் இறக்கி வைத்ததை இஷாவுக்கு முன் படித்தால் மதிப்பெண் குறைந்துவிடுமா?

பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டியும் கைப்பேசியும் கொண்டு செல்லலாகாது. மருந்துக்கு அருகில் எதை வைக்கலாகாது என்பதை நம் தொழிலாளி அறிவார். வாயிலில் ஒப்படைத்துவிட்டு உள்ளே செல்கிறார். அந்த ஒழுங்கு வீட்டு வாசலில் ஏன் மறந்துபோகிறது? இஷாவுக்குப் பின் வீட்டிலுள்ள கைப்பேசிகள் அனைத்தும் கூடத்தில் ஓரிடத்தில் இருக்கட்டும். முதலில் வைக்கவேண்டியவர் தந்தை, அடுத்து தாய், அதன்பின் பிள்ளை. சுபுஹுக்கு எழுப்பச் சிறு கடிகாரம் போதும். தாம் வைக்காமல் பிள்ளைக்கு உபதேசிப்பவரின் சொல்லுக்குப் பலனில்லை.

இரவு இறைவன் தந்த அமானிதம். அதை நம் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுப்போம்!