பொருளைத் திருப்பிக் கொடுக்க உங்கள் போன் நம்பர் எதற்கு?

"போன் நம்பர் சொல்லுங்க சார்." பில் போடும்போது இந்தக் கேள்வி ஒருமுறை வரும். அளவு சரியில்லை என்று மறுநாள் சட்டையை மாற்றப் போனால் இன்னொரு முறை வரும். சில இடங்களில் பெயர், முகவரி கேட்டு, "ஐடி ப்ரூஃப் ஏதாவது இருக்கா?" என்றும் கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கும். 'சும்மா ஒரு நம்பர்தானே' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் பலருடைய வழக்கம்.

இப்படிக் கேட்கக் கடைகளுக்கு உரிமை இருக்கிறதா? கொடுத்த நம்பர் அதன் பிறகு எங்கே போகிறது?

கடைகள் ஏன் கேட்கின்றன?

கடைகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒருநாள் உடுத்திவிட்டு, டேக் கிழியாமல் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அலமாரியிலிருந்து எடுத்த பொருளை, 'பில் தொலைஞ்சுபோச்சு' என்று சொல்லி அதே கடையில் கொடுத்துப் பணம் கேட்கிறவர்களும் உண்டு. ஒரே ஆள் திரும்பத் திரும்ப இதைச் செய்கிறாரா என்று கடைக்குத் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் வியாபாரம். யார், எப்போது, என்ன வாங்குகிறார் என்று தெரிந்தால் தீபாவளிக்கு யாருக்கு எந்த ஆஃபரை அனுப்பலாம் என்று முடிவு செய்யலாம். சிக்கல் என்னவென்றால், இரண்டு காரணங்களுக்கும் கேட்கப்படுவது ஒரே நம்பர். மோசடியைத் தடுக்க என்று வாங்கிய தகவல், சத்தமில்லாமல் விளம்பரப் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

சேமித்து வைத்ததால் வந்த வினை

இந்தக் கேள்விக்கு உலகம் ஏற்கெனவே ஒரு பெரிய விலை கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் நிறுவனத்துக்கு அங்கும் கனடாவிலும் நிறைய துணிக்கடைகள் உண்டு. பில் இல்லாமல் பொருளைத் திருப்பித் தருபவர்களிடம் ஓட்டுநர் உரிம எண் போன்ற அடையாள விவரங்களை வாங்கி, கணினியில் அப்படியே சேமித்து வைத்திருந்தது அந்த நிறுவனம்.

2005-ல் ஹேக்கர்கள் அதன் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். 2006 டிசம்பரில்தான் நிறுவனத்துக்கு விஷயமே தெரிந்தது. குறைந்தது 4.5 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடப்பட்டிருந்தன. பொருளைத் திருப்பிக் கொடுத்த சுமார் 4.5 லட்சம் பேரின் அடையாள விவரங்களும் அதோடு போயின. அவர்கள் செய்ததெல்லாம், வேண்டாத ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தது மட்டும்தான்.

கனடாவின் தனியுரிமை ஆணையரும் ஆல்பர்ட்டா மாகாண ஆணையரும் இதை விசாரித்து 2007-ல் அறிக்கை வெளியிட்டார்கள். உரிம எண் என்பது ஒருவர் வண்டி ஓட்டலாம் என்பதற்கான சான்று. பொருளைத் திருப்பித் தருகிறவரை அடையாளம் காண அதை வாங்கிச் சேமித்தது தவறு என்றார்கள். அப்படியானால் மோசடியைப் பிடிப்பது எப்படி? அதற்கும் வழி கிடைத்தது. எண்ணைக் கணினியில் தட்டியதும் அது வேறொரு குறியீடாக மாறிவிடும். உரிம எண் சேமிக்கப்படாது. அதே ஆள் மறுபடி வந்தால் அதே குறியீடு வரும், கடை உஷாராகிவிடும்.

இதில் பெரிய பாடம் இருக்கிறது. 'இவர் அடிக்கடி திருப்பித் தருகிறாரா?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால் கடைக்குப் போதும். 'இவர் யார், எங்கே இருக்கிறார்?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்காக இரண்டாவதன் பதிலையும் வாங்கி வைப்பதுதான் பிரச்சினை.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை தெளிவாகவே சொல்லிவிட்டது. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் கட்டாயப்படுத்துவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும், அப்படி வற்புறுத்தக் கூடாது என்றும் வணிக அமைப்புகளுக்கு அது அறிவுறுத்தியது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் மூன்று விஷயங்களை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஒன்று, பில் தராமல் இருப்பது. இரண்டு, பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது. இதற்கான கெடு பில்லிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 30 நாள். மூன்று, நம்பிக்கையின்பேரில் வாடிக்கையாளர் கொடுத்த தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் மற்றவருக்குக் கொடுப்பது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 30 நாள் உரிமை பழுதான பொருளுக்குத்தான். கலர் பிடிக்கவில்லை என்று திருப்பித் தருவது அந்தந்தக் கடையின் விதியைப் பொறுத்தது.

அடுத்தது, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. ஒப்புதல் என்பது நிர்ப்பந்தம் இல்லாமல், எதற்கு என்று தெரிந்து கொடுப்பதாக இருக்க வேண்டும் என்கிறது இது. தேவைக்கு மேல் தகவல் வாங்கக் கூடாது. சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: மருந்துக் கடையில் ஒருவர் தானாக நம்பரைக் கொடுத்து ரசீதை அனுப்பச் சொல்கிறார். கடை அந்த நம்பரை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம். எதற்காகக் கொடுத்தாரோ அதற்கு மட்டும். கொடுத்த ஒப்புதலை வாபஸ் வாங்கவும் உரிமை உண்டு.

ஆனால் இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. சட்டம் முழு வேகம் எடுக்கும்வரை கவுன்ட்டரில் நடப்பதை வாடிக்கையாளர்தான் கவனித்தாக வேண்டும்.

பில்லே நம்பருக்குள் போய்விட்டால்?

இப்போது புதுசாக ஒரு பொறி. பல கடைகள் காகித பில்லைக் குறைத்து, பில்லை எஸ்எம்எஸ், வாட்ஸ்அப்பில் அனுப்புகின்றன. காகிதம் மிச்சம், நல்லதுதான். ஆனால் நம்பர் தராதவருக்கு பில் இல்லை. பில் இல்லாதவருக்கு ரிட்டர்ன் இல்லை. நம்பர் தருவது விருப்பம்தான் என்று சொல்லிக்கொண்டே அதைக் கட்டாயமாக்கும் வித்தை இது.

'எப்படியும் ஸ்பேம் கால் வருது, இன்னும் ஒண்ணு வந்தா என்ன?' என்று கேட்கலாம். வங்கி, யுபிஐ என எல்லாமே இன்று அந்த ஒரே நம்பரில்தான் தொங்குகின்றன. பெயர், நம்பர், போன வாரம் வாங்கிய டிவி மாடல் மூன்றும் ஒரு மோசடிக்காரர் கைக்குப் போனால், "உங்க டிவி வாரன்ட்டி விஷயமா பேசுறோம்" என்ற அழைப்பை நம்பாமல் இருப்பது கஷ்டம்.

என்ன செய்யலாம்?

* "நம்பர் வேண்டாம், பேப்பர் பில் கொடுங்க" என்று பணம் கட்டும் முன்பே சொல்லுங்கள்.
* பில்லை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். வெயிலிலும் பர்ஸிலும் அச்சு மங்கிவிடும்.
* பழுதான பொருளை மாற்ற, கையில் பில் இருந்தும் அடையாள அட்டை கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.
* மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

இதில் கவுன்ட்டரில் நிற்பவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நம்பர் கட்டத்தை நிரப்பாமல் பில்லிங் மென்பொருள் அடுத்த திரைக்கே போகாது என்றால், அவர் என்ன செய்வார்? அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கியது தலைமை அலுவலகம். மாற்ற வேண்டியதும் அதுதான்.

கடைகள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பில்லோடு வருபவரிடம் பில் எண் போதும், வேறெதுவும் கேட்கக் கூடாது. பில் இல்லாமல் வருபவரிடம் அடையாளம் கேட்டால், எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்போம் என்று கவுன்ட்டரிலேயே தமிழில் எழுதி வைக்க வேண்டும். ரிட்டர்னுக்கு வாங்கிய தகவல் விளம்பரத்துக்குப் போகக் கூடாது. வாங்காத தகவலை எந்த ஹேக்கராலும் திருட முடியாது. வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, கடைக்கும் அதுதான் பாதுகாப்பு.